பரணில் கிடக்கும் பூட்ஸ்

உங்களில் எத்தனை பேர் பத்தாவது வந்ததும் ஃபுட்பாலை விட்டீங்க? நானும்தான். 'படிப்பு கெட்டுப்போகும்'னு அப்பா சொன்னார். என் பூட்ஸ் பரணுக்குப் போயிடுச்சு.

கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ கிராமம் இரவிபுத்தன்துறை. அங்கே பிறந்த மைக்கேல் சூசைராஜ் விடவில்லை. சென்னை சிட்டிக்காக ஐ-லீக், 2019-ல் இந்திய அணி, 2020 மார்ச்சில் ஏ.டி.கே.வோடு ஐ.எஸ்.எல். கோப்பை. அதே வருஷம் நவம்பரில், அடுத்த சீசனின் முதல் ஆட்டம். கால் மணி நேரம்கூட ஆகலை, முழங்கால் போச்சு. அந்த சீசனும் போச்சு. அப்புறமும் திரும்பி வந்து ஆடினார்.

பந்தை விட்டா வேலை உறுதின்னு நம்பித்தான் நான் இங்க வந்தேன். இப்போ பிளேஸ்மென்ட் பயத்துல தூக்கம் வரலை. எந்த வழியும் உறுதியில்லைன்னா, பிடிச்சதை ஏன் விட்டேன்?

பூட்ஸ் இப்போ காலுக்குப் பத்தாது. ஆனாலும் இந்த லீவுல பரண்ல ஏறப் போறேன். நீங்க?