காட்சிக்கு வராத நோயாளி

அமெரிக்கத் தொலைக்காட்சியின் மருத்துவத் தொடர்கள் நோயைக் காட்டிலும் அறச் சிக்கல்களை நம்பியே ஓடுகின்றன. 1960களில் 'டாக்டர் கில்டேர்', 'பென் கேசி' ஒளிபரப்பான காலத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு ஒன்று திரைக்கதைகளைப் படித்து ஆலோசனை சொல்லிவந்தது. அன்றைய திரை மருத்துவர் பெரும்பாலும் அப்பழுக்கற்றவர். 1994இல் தொடங்கிய 'ஈ.ஆர்.', 2004இல் வந்த 'ஹவுஸ்', 2005இல் வந்த 'கிரேஸ் அனாடமி' ஆகியவற்றில் மருத்துவர் தெரிந்தே தவறு செய்கிறார். பார்ப்பவரும் அவர் பக்கம் சாயும்படி கதை பின்னப்படுகிறது. கருக்கலைப்பு, படுக்கையறைக் காட்சிகள் என்று இத்தொடர்கள் மீது திருச்சபையினர் வைக்கும் வழக்கமான புகார்களைவிட, இந்தச் சாய்வுதான் கிறிஸ்தவ அறநெறி கவனிக்க வேண்டிய இடம்.

'கிரேஸ் அனாடமி'யின் இரண்டாம் பருவம் 2006 மே மாதம் முடிந்தது. பயிற்சி மருத்துவர் இஸ்ஸி ஸ்டீவன்ஸ், மாற்று இதயத்துக்காகக் காத்திருக்கும் டென்னி டுகெட்டைக் காதலிக்கிறாள். கிடைத்த இதயம் வேறொரு நோயாளிக்குப் போக இருக்கிறது. அவர் பட்டியலில் டென்னியைவிட 17 விநாடி முந்திப் பதிவானவர். டென்னியின் நிலை மோசமானால் முன்னுரிமை மாறும். எனவே அவன் இதயத்துக்குத் துணைநிற்கும் கருவியின் கம்பியை இஸ்ஸி வெட்டுகிறாள். இதயம் டென்னிக்கே வருகிறது. அறுவை முடிந்த அன்றே ரத்தக்கட்டியால் அவன் இறந்துபோகிறான்.

பார்த்தவர்கள் அழுதது டென்னிக்காக. அந்த 17 விநாடிக்காரருக்காக அழ வழியே இல்லை. அந்தப் பருவத்தில் அவர் வருவதெல்லாம் பேச்சில்தான். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு சட்ட வல்லுநர், தன் அயலான் யார் என்று கேட்கிறார். பதிலாக இயேசு சொல்லும் நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடப்பவனும் உதவுபவனும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். காதலோ உறவோ இல்லாத இடத்தில் காட்டப்படும் இரக்கமே அங்கே அளவுகோல். தொலைக்காட்சி இதற்கு நேர்மாறு. யாருக்கு நெருக்கக் காட்சி கிடைக்கிறதோ அவரே அயலான் ஆகிறார்; மற்றவர் வெறும் இடையூறு. பட்டியல் என்பது உணர்ச்சியற்ற காகிதம்போலத் தோன்றினாலும், யாருக்கும் பிரியமில்லாத நோயாளிக்கு இருக்கும் ஒரே காவல் அதுதான்.

கதை இன்னும் ஒரு படி போகிறது. இஸ்ஸி வேலையை விட்டு விலகுகிறாள், பிறகு சேர்த்துக்கொள்ளப்படுகிறாள். டென்னி விட்டுச்சென்ற 87 லட்சம் டாலரில் அவன் பெயரில் இலவச மருத்துவமனைப் பிரிவு திறக்கப்படுகிறது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் லூக்கா காட்டும் சக்கேயு, தான் ஏமாற்றியவர்களுக்கே நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். இஸ்ஸி ஈடுசெய்ய வேண்டிய ஆள் வேறு, பணம் போய்ச்சேர்ந்த இடம் வேறு.

'ஹவுஸ்' இதே சிக்கலைக் கூர்மையாக எடுத்தது. 2009இல் ஒளிபரப்பான ஆறாம் பருவத்தில், ஓர் இனத்தையே அழிக்கத் திட்டமிடும் ஆப்பிரிக்க சர்வாதிகாரி டிபாலா சிகிச்சைக்கு வருகிறான். மருத்துவன் சேஸ், இறந்துபோன வேறொரு நோயாளியின் ரத்தத்தைக் கொண்டு பரிசோதனை முடிவைப் புரட்டுகிறான். தவறான சிகிச்சையால் டிபாலா சாகிறான். நன்மை விளைவதற்காகத் தீமை செய்யலாம் என்ற வாதத்தைப் பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் மூன்றாம் அதிகாரத்திலேயே மறுத்துவிட்டார். ஆனாலும் கிறிஸ்தவ வரலாற்றில் டீட்ரிச் போன்ஹோஃபரும் உண்டு. ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்டவர்களோடு சேர்ந்த அந்த லூத்தரன் போதகர், 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்மைக் குற்றமற்றவர் என்று கருதவில்லை. பிறருக்காகக் குற்றத்தையும் சுமக்க நேரலாம், அதற்கான தீர்ப்பைக் கடவுளிடம் விட வேண்டும் என்பது அவர் நிலை. சேஸ் மருத்துவன் மீதான நம்பிக்கையைக் கருவியாக்கினான், செய்ததை மறைத்தான். இருவரையும் ஒரே தட்டில் வைப்பது கடினம்.

முன்பு குருமடத்தில் படித்த சேஸ் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறான். சட்டத்தின்முன் சரணடைந்தால்தான் பாவமன்னிப்பு என்கிறார் குரு. திரைக்கு இது கம்பீரமாக இருக்கிறது, கத்தோலிக்க நெறிக்கு ஒத்துவரவில்லை. அரசிடம் சரணடைவதை மன்னிப்புக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்று வத்திக்கானின் பாவமன்னிப்புத் தீர்ப்பாயம் 2019இல் வெளியிட்ட குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. உண்மையில் தேவைப்படுவது மனத்துயர். மறுபடி செய்யமாட்டேன் என்ற உறுதி. சேஸிடம் இல்லாதது அதுதான். கொலையைவிட, அதை அவன் பார்க்கும் விதமே மனைவி கேமரனை விலகச் செய்கிறது.

மன்னிப்பைப் பற்றி இத்தொடர்கள் தந்த மிக நேர்மையான காட்சி 'ஈ.ஆர்.' பதினான்காம் பருவத்தில், 2008இல் வந்தது. சிறையில் மரண ஊசி போட்டுவந்த மருத்துவர் ஒருவர் புற்றுநோயில் கிடக்கிறார். அவர் கையால் இறந்தவர்களில் ஒருவன் நிரபராதி. மருத்துவமனையின் ஆன்மப் பணியாளர் ஜூலியா மென்மையாக, யாரையும் புண்படுத்தாமல், எதற்கும் பிடிகொடுக்காமல் பேசுகிறாள். நோயாளி வெடிக்கிறார்: கடவுளும் நரகமும் உண்மை என்று நம்பும் ஒருவர் தனக்கு வேண்டும் என்கிறார். அமெரிக்க இவாஞ்சலிக்கல் பிரசங்கிகளுக்கு இக்காட்சி பிடித்துப்போனதில் வியப்பில்லை. பாவம் என்ற ஒன்றே இல்லை என்று தேற்றினால், மன்னிக்கவும் அங்கே ஒன்றும் இருக்காது.

சாவை இத்தொடர்கள் நடத்தும் விதம் தனிக்கதை. 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்' உள்ளிட்ட மூன்று நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், நின்ற இதயத்தை மீட்கும் முயற்சியில் 75 விழுக்காட்டினர் உடனடியாகப் பிழைப்பதாகக் காட்டப்பட்டது தெரியவந்தது. நிஜ மருத்துவமனைகளில் பிழைப்பவர்கள் மிகக் குறைவு. திரையில் முயற்சியைக் கைவிடுவது துரோகம்போலத் தெரிவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். திருச்சபையின் மரபு இங்கே பலர் எண்ணுவதைவிட நெகிழ்வானது. 1957 நவம்பரில் மயக்கமருந்து மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாள்வதே கடமை, அளவுக்கு மீறிய சுமையாகும் வழிகள் கட்டாயமல்ல என்றார். மீள வழியில்லாத நோயாளியின் செயற்கைச் சுவாசத்தை நிறுத்துவதும் கொலையாகாது என்பது அவர் தந்த விளக்கம்.