கூடிச் செய்த வேலை

மதுரைத் திருநகரில் காலை ஏழரை மணியிலிருந்து எட்டரை மணி வரைக்கும் எந்த வீட்டிலும் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பள்ளிக்கூட வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். இரண்டாவது ஸ்டாப்பிலும் மூன்றாவது ஸ்டாப்பிலும் பெரியார் பஸ் நிலையம் போகிறவர்கள் கழுத்தை நீட்டி நிற்பார்கள். வீட்டுக்குள்ளே குக்கர் விசில், டிபன் பாக்ஸ் மூடியைத் தேடுகிற சத்தம், காணாமல் போன ஒற்றைக் காலுறைக்கு ஒரு சண்டை. “இந்த ஓட்டத்தில் சந்தோஷத்துக்கு ஏது நேரம்?” என்று இளையவர்கள் கேட்கிறார்கள். என் மகனும் மருமகளும் கேட்டிருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய ஒருத்தி என்ற உரிமையில் அவர்கள் எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்கிறேன். நேரம் கிடைக்கட்டும், அப்புறம் சந்தோஷமாக இருந்துகொள்ளலாம் என்று காத்திருந்த வீடு எதுவும் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இருக்கிற வேலையைக் கூடிச் செய்த வீடுகள் சந்தோஷமாக இருந்திருக்கின்றன.

“உங்கள் காலத்தில் எல்லாருக்கும் நேரம் இருந்தது” என்று சொல்பவர்களுக்கு எங்கள் பக்கத்துக் கதை தெரியாது. நான் பிறந்தது திருநகரை ஒட்டிய ஹார்விபட்டியில். மதுரையில் 1892-ல் மில் தொடங்கிய ஹார்வி சகோதரர்களின் பெயர்தான் எங்கள் ஊருக்கும். மில் தொழிலாளர்கள் குடியிருக்க உருவான ஊர் அது. எங்கள் தாத்தா வேலை பார்த்த நாளில் 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி வாரத்துக்கு 54 மணி நேர வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் வந்த சட்டம் 48 மணி நேரம் என்றது. அதுவும் ஷிப்டு முறையில். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று அப்பாவின் தூக்கம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் அத்தை மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் பிரிவுக்குப் போய்வந்தார். மில் சங்கு ஊதினால்தான் எங்களுக்கு விடியும், சங்கு ஊதினால்தான் உலை வைப்பார்கள். இன்றைக்கு ஐ.டி. கம்பெனியில் ராத்திரி வேலை பார்க்கும் பிள்ளையின் வீடு எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் அன்றைக்கு எங்கள் வீடும் இருந்தது.

அந்த வீட்டில் சந்தோஷம் எங்கே இருந்தது என்று யோசித்தால் எனக்கு அப்பாவின் விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நைட் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருவார். தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டுக் குளித்துச் சாப்பிடுவார். படுக்கப் போகுமுன் என்னையும் தங்கையையும் முன்னால் உட்காரவைத்து இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார். ராத்திரி முழுக்க அறுந்த இழைகளைச் சேர்த்துச் சேர்த்துப் பழகிய கை. ஒரு முடி பிசிறாது, ஒரு இடம் வலிக்காது. பின்னிக்கொண்டே மில்லில் நடந்ததைச் சொல்வார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்வோம். அந்த நேரத்தில் அம்மா அடுப்படியை முடித்துவிட்டு ஒரு டம்ளர் காப்பியோடு வாசலில் உட்காருவார். ஒரு வேலையை அப்பா எடுத்துக்கொண்டதால் அம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு, எங்களுக்கு அப்பா, அப்பாவுக்குப் பிள்ளைகள். இதற்குத் தனியாக யாரும் நேரம் ஒதுக்கவில்லை. தலை பின்னியாக வேண்டும், அதற்குள்ளேயே எல்லாம் நடந்தது.

இதைச் சொல்வதால் பழைய காலம் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். விறகடுப்புப் புகையில் அம்மாவின் கண் எரியும். ஆட்டுக்கல்லில் இட்லிக்கு மாவாட்டி எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கோயம்புத்தூரில் 1950-களில் உருவான மாவரைக்கும் கிரைண்டர் எங்கள் வீடு வந்து சேர வெகு காலம் ஆயிற்று. வந்த அன்றைக்கு அம்மாவின் முகத்தில் பார்த்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். கேஸ் அடுப்பும் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை. கடையில் மாவு பாக்கெட் வாங்குவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு உடம்பை வருத்தி மற்றவர்கள் சுகப்பட்டதைப் பெருமையாகப் பேசக் கூடாது.

இயந்திரங்கள் இத்தனை வந்த பிறகும் வீட்டுப் பாரம் சமமாகிவிடவில்லை. மத்திய அரசின் புள்ளியியல் துறை மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. 2019-ல் எடுத்த கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலையைச் செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர், ஆண்களில் நூற்றுக்கு 26 பேர். 2024-ல் மறுபடி எடுத்தபோது, வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளில் 289 நிமிடமும், செய்கிற ஆண் 88 நிமிடமும் அதற்குக் கொடுப்பதாகத் தெரியவந்தது. பெண்ணுக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆணுக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற மருமகள்களும் இந்தப் பெண்களில் அடக்கம்.

குடும்பத்தில் சிரிப்பு குறைந்துபோனதற்குப் பலரும் செல்போனைக் காரணம் சொல்கிறார்கள். போனுக்கு முன்பே இருந்த காரணம் இந்தச் சமமில்லாத பாரம். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட, ஒருத்தி மட்டும் நின்றுகொண்டு தோசை வார்க்கிற வீட்டில் சாப்பாட்டு நேரம் நான்கு பேருக்குச் சந்தோஷம், ஐந்தாவது ஆளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு வீட்டுக்கே விருந்து என்கிறோம். விருந்து முடிந்து எல்லாரும் கண்ணயரும்போது பாத்திரம் கழுவுகிறவளுக்கு அது எந்த வகையில் ஞாயிற்றுக்கிழமை? அவள் சிரிக்காத வீட்டில் மற்றவர்கள் சிரிப்பும் ரொம்ப நேரம் நிற்காது. எளிய சந்தோஷம் என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பில் எல்லாருக்கும் பங்கு இருந்தால் சந்தோஷத்திலும் எல்லாருக்கும் பங்கு இருக்கும்.

எந்த வேலையை இயந்திரத்துக்குக் கொடுப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். கைக்கு வேலை இருக்க வேண்டும், பேச வாயும் கேட்கக் காதும் ஓய்வாக இருக்க வேண்டும். அவரைக்காய் நார் எடுப்பது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, பூக் கட்டுவது, கீரை ஆய்வது எல்லாம் அந்த வகை.

கீரை ஆய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லையில் முருங்கை இருக்கிற வீடுகள் திருநகரில் இன்னும் நிறைய உண்டு. ராத்திரியே கொப்பை ஒடித்து ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் உதறினாலே பாதி இலை கொட்டிவிடும். மீதியைச் சொளகில் போட்டு எல்லாருமாக உருவலாம். இந்தச் சின்ன வித்தையைப் பார்த்த என் பேரன், துணியை உதறுவது தன் வேலை என்று பிடிவாதமாக எடுத்துக்கொண்டான். தானே உதறிய கீரை என்பதால் சாப்பாட்டில் அதை ஒதுக்குவதும் இல்லை.

பூக் கட்டுவது அடுத்தது. மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் விளைகிற பூ நம் வாசலிலேயே உதிரியாகக் கிடைக்கிறது. கட்டின சரமாக வாங்குவது எளிதுதான். ஆனாலும் வாரத்தில் ஒரு சாயங்காலமாவது உதிரியாக வாங்கி, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. என் பேத்தி கல்லூரிக்குப் போகிறவள். எதிரே உட்கார்ந்து “என்னம்மா விஷயம்?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல அப்பத்தா” என்பாள். பூவில் கண் இருக்கும்போது அவளாகவே பேசத் தொடங்குவாள். கல்லூரியில் பட்ட வருத்தம், தோழியோடு வந்த மனத்தாங்கல், மேற்கொண்டு என்ன படிப்பது என்ற குழப்பம், எல்லாம் நார் தீர்வதற்குள் வெளியே வந்துவிடும். வளர்ந்த பிள்ளைகள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்படுவதைக் கையைப் பார்த்துச் சொல்வார்கள். பிள்ளைகள் பேசுவதே இல்லை என்று வருந்துகிற பெற்றோர் அவர்களோடு சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்து பார்க்க வேண்டும்.

சித்திரை வெயில் வந்தால் கூழ்வடகம். அரிசிமாவும் ஜவ்வரிசியும் பச்சைமிளகாயும் உப்பும் சேர்த்துக் கூழ் காய்ச்சி, விடிகாலையில் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பழைய வேட்டியை நனைத்து விரித்து, கரண்டியால் மொண்டு வைத்துக்கொண்டே போகலாம். எதிரே திருப்பரங்குன்றத்து மலை வெயில் ஏற ஏற நிறம் மாறும். மகன் கூழைக் கிண்டுவான், மருமகள் வட்டம் போடுவாள், பிள்ளைகளுக்குக் காக்கா விரட்டுகிற பொறுப்பு. சாயங்காலம் அரைக் காய்ச்சலில் இருக்கிற வடகத்தைப் பிய்த்துத் தின்பதற்கென்றே அந்தக் காவல் வேலைக்குப் போட்டி நடக்கும். நன்றாகக் காய்ந்ததும் துணியைத் திருப்பித் தண்ணீர் தெளித்து உரித்தால் ஒன்றொன்றாக வந்துவிடும். மழைக்காலத்தில் அதைப் பொரித்து வைக்கும்போது “இது நான் ஊற்றினது” என்று ஒவ்வொருவரும் உரிமை கொண்டாடுவார்கள். கடையில் வாங்கின பாக்கெட்டுக்கு அப்படி உரிமை கொண்டாட யாருமில்லை.

இந்தப் பாடத்தை மதுரை ஒரு ஊராகவே அறிந்து வைத்திருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்து முருகனும், பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் மதுரைக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். திருக்கல்யாண விருந்து சேதுபதி பள்ளியில் நடக்கும். 1904-ல் பாரதியார் தமிழாசிரியராக இருந்த அதே பள்ளிதான். விருந்துக்கு முதல் நாள் அங்கே ஒரு காட்சி நடக்கும், பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். மலை மாதிரி குவித்த காய்கறிகளைச் சுற்றி ஊர் ஜனம் உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருக்கும். சம்பளம் கிடையாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களும் கிடையாது. வந்து உட்கார்ந்தவர் முன்னால் பூசணியோ கத்தரியோ வந்து சேரும், பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமலே பேச்சு வளரும். மறுநாள் வரிசையில் நின்று சாப்பிட்டு மொய் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு நிறைவு இருக்கும். முதல் நாள் காய் நறுக்கினவர்களுக்கு அதைவிட ஒரு படி அதிகம், ஏனென்றால் அது அவர்கள் நடத்தின கல்யாணம். வருஷத்துக்கு ஒருமுறை ஊர் செய்வதை வாரத்துக்கு ஒருமுறை வீடு செய்ய முடியாதா?

இதை நடைமுறைக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

வேலையை உதவியாகக் கேட்காதீர்கள், பொறுப்பாகக் கொடுங்கள். “அம்மாவுக்கு உதவி பண்ணு” என்றால் வேலை அம்மாவுடையது என்று நாமே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். “தண்ணீர் பிடித்து வைப்பது உன்னுடையது, துணி எடுத்து மடிப்பது அவனுடையது” என்று பிரித்துவிடுங்கள். பெண் பிள்ளைக்கு அடுப்படி, ஆண் பிள்ளைக்குக் கடைவீதி என்ற பழைய பிரிவினை வேண்டாம். பேரனுக்கு ரசம் வைக்கவும் பேத்திக்கு கேஸ் சிலிண்டர் மாற்றவும் தெரிந்திருக்கட்டும்.

பிள்ளை செய்த வேலையை அவன் கண்முன்னே திருத்தாதீர்கள். சட்டை மடிப்பு கோணலாக இருந்தால் கோணலாகவே அலமாரிக்குப் போகட்டும். நாம் எடுத்து உதறி மறுபடி மடித்தால் அடுத்த முறை அவன் கை வராது.

சேர்ந்து வேலை செய்கிற அந்த நேரத்துக்கு டிவியும் போனும் வேண்டாம். இது பிள்ளைகளுக்கு மட்டுமான சட்டமாக இருக்கக் கூடாது, சீரியல் பார்க்கிற எங்கள் வயதுக்காரர்களுக்கும் உண்டு.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். மகன் வீட்டில் விருந்தாளியாக இருக்காதீர்கள், மேற்பார்வையாளராகவும் இருக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே உளுந்தில் கல் பார்க்கலாம், பட்டாணி உரிக்கலாம், பேரப்பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைக்கலாம். வேலையில் பங்கு இருக்கிற பெரியவர்களுக்கு வீட்டுப் பேச்சிலும் பங்கு இருக்கும். அதைத் தாத்தாக்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன். ஓய்வு பெற்றது ஆபீஸிலிருந்துதான், வீட்டிலிருந்து இல்லை. காலையில் எல்லாருக்கும் காப்பி கலக்கிற வேலையை ஒரு தாத்தா எடுத்துக்கொண்டால் அந்த வீட்டின் காலையே மாறிவிடும்.

இதெல்லாம் செய்தாலும் பஸ் தவறும், பால் பொங்கும், பரீட்சைக் காலத்தில் கோபம் வரும். ஓட்டம் நிற்கப் போவதில்லை. சம்பாதிக்க வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும், கடன் அடைக்க வேண்டும். ஓடுகிற குடும்பத்துக்குத் தனியாக ஒரு சந்தோஷ நாள் தேவையில்லை. ஓட்டத்துக்கு நடுவில் எப்படியும் செய்தாக வேண்டிய வேலையில் ஒன்றை, இரண்டு பேராக மூன்று பேராக உட்கார்ந்து செய்தால் போதும்.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உங்கள் வீட்டில் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். எப்போதும் ஒரே ஆள் என்றால், எழுந்துபோய்ப் பக்கத்தில் நில்லுங்கள். ஒருவர் தேய்க்கட்டும், ஒருவர் அலசட்டும், பிள்ளை துடைத்து அடுக்கட்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நாளைக்கும் அதையே செய்யுங்கள்.