கடலுக்கும் காய்ச்சல் பார்க்கணும்

1/ 2019 ஆகஸ்ட் 18, ஞாயிறு ராத்திரி. நைட் டியூட்டி. சென்னை நண்பன் ஒரு வீடியோ அனுப்பினான். திருவான்மியூர் கடற்கரையில் அலை உடையுற இடமெல்லாம் நீல வெளிச்சம். பக்கத்து பெட்டில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துட்டு, "கடல்ல கரண்ட் லீக் ஆவுதா சார்?"ன்னு கேட்டார். சிரிச்சேன். ஆனா பதில் சொல்லத் தெரியல. அப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

2/ அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அலை மோதினதும் செல்லுக்குள்ள அமிலத்தன்மை கூடும். உடனே லூசிஃபெரேஸ் என்ற என்சைம் வேலையை ஆரம்பிக்கும், ஒளி வரும். கிட்டத்தட்ட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். மறுபடி இருட்டு.

3/ இதை எப்படி அளப்பாங்க? அசையாத தண்ணி மின்னாது. அதனால பாத்திஃபோட்டோமீட்டர்னு ஒரு கருவியைக் கடலுக்குள்ள இறக்குவாங்க. அது பம்ப் வெச்சு தண்ணியை ஒரு இருட்டு அறைக்குள்ள இழுத்து, கலக்கிவிடும். மின்னுற ஒளியை சென்சார் எண்ணும். ஒரு லிட்டருக்கு எத்தனை ஃபோட்டான்னு கணக்கு வரும்.

4/ உங்க வயித்தை அமுக்கி "வலிக்குதா?"ன்னு நாங்க கேட்கிற மாதிரிதான். ஆனா ஒருத்தர் மெல்ல, ஒருத்தர் பலமா அமுக்கினா ஒப்பிட முடியாது. அதனால கருவி எப்பவும் ஒரே அளவு கலக்கணும். செல்ஃபோன் வீடியோ அளவீடு ஆகாது. நெத்தியில கை வெச்சு காய்ச்சல் பார்க்கிற கதைதான்.

5/ அழகா இருக்கே, எதுக்கு அளக்கணும்? கொஞ்சமா இருந்தா இயல்புதான். பெருகினா ஆபத்து. தென்மாவட்ட மீனவர்கள் இதை 'பூங்கோரை'ம்பாங்க. 2008 அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் இது பெருகி, தண்ணியில் ஆக்சிஜன் குறைஞ்சு, மீன்கள் செத்தன. பவளப்பாறையும் பாதிக்கப்பட்டது.

6/ பாசிப் பெருக்கத்தை சாட்டிலைட் வழியா ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் கண்காணிக்குது. சாட்டிலைட் பார்க்கிறது பகல்ல தெரியுற கடலின் நிறத்தை. ராத்திரி மின்னுறதை அளக்க, தண்ணிக்குள்ள இறங்கித்தான் ஆகணும்.

7/ "பள்ளிப்பட்டுக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம்?" இருக்குங்க. நம்ம ஊர்ப் பக்கம் ஓடுற கொசஸ்தலை ஆறு எண்ணூர்ல கடலைச் சேருது. எந்த ஆறானாலும் சாக்கடையையும் வயல் உரத்தையும் சுமந்து போனா, அது பாசிக்குத் தீனி. அந்தப் பாசியைத் தின்னுதான் நாக்டிலூகா பெருகுது.

8/ 2023 அக்டோபரில் ஈசிஆர் கடற்கரையில் மறுபடி நீல அலை வந்தது. அடுத்த தடவை வந்தா கரையில நின்னு ரசிங்க. செத்து மிதக்கிற மீனை மட்டும் எடுத்துக் குழம்பு வைக்காதீங்க.

9/ அந்தப் பெரியவருக்கு இப்போ பதில் சொல்வேன்: கரண்ட் லீக் ஆகல ஐயா. லீக் ஆகுறது நம்ம சாக்கடை.