வீடு

ஆசிரியப் பயிற்சி முடித்து இக்கல்லூரிக்கு வந்த நாள்தொட்டு யாம் ஆறாந் தரத்தார்க்குப் பலபொருள் ஒருசொல் கற்பித்து வருகின்றோம். 'மா', 'கால்', 'திங்கள்' என்பன எல்லா ஆசிரியர்க்குங் கைவந்தவை; மாணவர் அவற்றை மனனஞ் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுவர். ஆதலின் யாம் தொடங்குவது 'வீடு' என்னுஞ் சொல்லோடு. பழைய மாணவருட் சிலர் இதனை நினைவுகூர்தல் கூடும்.

வீடு யாதெனின் கூரையுஞ் சுவருமென்பர். சமய பாடத்தை நினைவூட்டினால் வீடுபேறு என்பர். நாற்பொருளுள் வள்ளுவர் வீட்டிற்கு ஒரு பால் வகுக்காததேன் என்று எவனேனும் கேட்டுவிட்டால் அன்றைய பாடம் அவ்வளவே! சோதிடர் மகனொருவன் இருப்பின் பன்னிரண்டு வீடுகளையுஞ் சொல்வான். இனி, நம் யாழ்ப்பாணத்து வழக்கிலே கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்பன உள. ஆங்கு வீடென்றது கட்டடத்தையன்று, நிகழ்ச்சியை. இந்நாளிற் கலியாணம் மண்டபத்தில் நடப்பினும் நாம் செல்வது கலியாண வீட்டுக்கே. தம் வாயில் நாடோறும் வழங்குஞ் சொல்லை அன்றுதான் கேட்டவர்போலப் பிள்ளைகள் நகைப்பர்.

பின்னர் இலக்கணம். சுடு என்பது சூடு ஆயினாற்போல, விடு என்பது முதனிலை நீண்டு வீடாயிற்று. பற்றை விடுதலின் முத்தி வீடாயிற்று. "ஆயின், குடியிருக்கும் வீட்டில் எதனை விடுகின்றோம்?" என வினாவுவோம். விடை வாராது. "களைப்பை" என்று யாமே சொல்லி முடிப்போம்.

2016ஆம் ஆண்டில் விடை வந்தது. பின்வாங்கில் இருந்த மாணவனொருவன் எழுந்து, "விட்டிட்டு வந்ததுதான் சேர் வீடு" என்றான். வகுப்புச் சிரித்தது. யாமும் பிழையென்று அவனை இருத்தினோம்.

இடைவேளையில் அழைத்து விசாரித்தோம். அவன் குடும்பம் 1990இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்தது. அவன் பிறந்ததும் வளர்ந்ததும் நலன்புரி முகாமில். அம்மம்மா வீடென்று சொன்னால் அது மயிலிட்டியில் உள்ளது; தாம் குடியிருப்பதைக் கொட்டில் என்பாரேயன்றி வீடென்று ஒருநாளுஞ் சொன்னதில்லையாம். அவ்வீட்டை அவன் கண்டதில்லை.

அதன்பின் அன்று முழுவதும் எமக்குப் பாடம் ஓடவில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இரவில், பதினைந்து வயதினராய் யாமும் நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டு நின்றோம். அம்மா சேலைத் தலைப்பில் வீட்டுத் திறப்பை முடிந்து வைத்திருந்தார். மறு ஆண்டு மீண்டபோது அத்திறப்புக்குக் கதவு இருக்கவில்லை. இவ்வளவும் கண்டும் அப்பிள்ளையின் விடையைப் பிழையென்றோம்! மறுநாள் வகுப்பினர் முன்னிலையில் சரியென்று திருத்தினோம்.

2017இல் மயிலிட்டியில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. அப்போது ஏழாந் தரத்திலிருந்த அவன் எம்மைத் தேடி ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தான். "சேர், வீட்டை விட்டிட்டாங்கள்!" என்றான்.

வார இறுதியில் அம்மம்மாவோடு போய்ப் பார்த்து வந்து சொன்னான். சுவர் ஒன்றும் மிஞ்சவில்லை. கிணறு மட்டும் இருந்ததாம். அம்மம்மா பற்றைக்குள்ளே நெடுநேரம் துலாவைத் தேடினாராம்.