ஊசிக்குத்தான் காசு

ஜூலை 6, ஞாயிறு

தேயிலைக்கு நல்ல மழை. இசைத்தட்டுகளுக்குக் கெட்ட மழை. மகன் கொழும்பிலிருந்து பேசினான். "அப்பா, அந்தப் பழசைக் குடுத்துட்டு ஒரு புது டேர்ன்டேபிள் வாங்குங்க. ஒன்றரை லட்சம் வரைக்கும் நான் போடுறேன்." போன தடவை வந்திருந்தபோது பாட்டுக்கு நடுவே சுருதி இறங்கி ஏறுவதை அவன் காது பிடித்துவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு வந்தால் 'ச' எழுத்தெல்லாம் சீறுகிறது.

ஜப்பானில் செய்த டைரக்ட் டிரைவ் மெஷின் இது. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் இப்படிப்பட்ட சாமான்கள் வந்து குவிந்தன. பாணுக்கு வரிசையில் நின்ற ஆட்கள் டேப் ரெக்கார்டருக்கு விலை கேட்ட காலம் அது. நான் அப்போது தோட்டத்து ஃபெக்டரியில் உதவி டீமேக்கர். போனஸ் காசு கைக்கு வந்ததும் ரயிலேறிப் போய் வாங்கிவந்தேன்.

ஜூலை 9, புதன்

விலை விசாரித்தேன். ஆடியோ டெக்னிக்கா எல்.பி. 120 எக்ஸ், டைரக்ட் டிரைவ், அமெரிக்காவில் 350, 400 டொலர் அளவு. டொலர் 300 ரூபாய்க் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டும். அதற்கு மேல் கப்பல் கூலி, தீர்வை, 18 சதவீத வற் வரி. 2020க்குப் பிறகு சில வருஷம் இறக்குமதிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். இப்போது பூட்டு இல்லை, விலைதான் பூட்டு. தோட்டத்தில் 2024இல் நிர்ணயித்த ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். ஒன்றரை லட்சத்தை அதால் வகுத்தால் 111 நாள் கொழுந்து. இந்தக் கணக்கை மகனிடம் சொல்லவில்லை.

ரேகா பிளானர் 1, புரோ-ஜெக்ட் டெபியூ கார்பன் இரண்டும் பெல்ட் டிரைவ். பெல்ட் கெட்டது என்று சொல்லமாட்டேன். மோட்டரின் நடுக்கம் தட்டுக்குப் போகாமல் ரப்பர் தடுக்கும். மோட்டரில் மிச்சம் பிடித்த காசைக் கம்பெனி ஊசிக்கையில் போடலாம். ஆனால் ஃபெக்டரியில் பெல்ட் போட்ட ரோலர்களோடு காலம் தள்ளியவன் நான். ரப்பர் வயதானால் இழுபடும், நழுவும். 1970இல் மட்சுஷிதா கம்பெனி 'டெக்னிக்ஸ் எஸ்.பி. 10' என்ற பெயரில் முதல் டைரக்ட் டிரைவை விற்றபோது அந்தத் தொல்லையைத்தான் ஒழித்தது. மோட்டரின் தண்டே தட்டின் தண்டு. பொத்தானைத் தட்டியதும் வேகம் பிடித்துவிடும். ஒலிபரப்பு நிலையங்களுக்கு அதுதான் தேவைப்பட்டது. அறிவிப்பாளர் வாய் மூடிய கணத்தில் பாட்டு எழவேண்டுமே. இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவையும் அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு கணத்தின் அருமை தெரியும். 1972இல் வந்த எஸ்.எல். 1200ஐ டி.ஜே.க்கள் பிடித்துக்கொண்டார்கள். 2010இல் நிறுத்திய கம்பெனி 2016இல் திரும்பச் செய்ய ஆரம்பித்தது. அந்த வரிசையின் தம்பி எஸ்.எல். 1500 சி கூட ஆயிரம் டொலருக்கு மேல். அது நம் வீட்டுப் பேச்சில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மெஷினைக் கம்பளியில் சுற்றி ஹட்டனுக்குக் கொண்டுபோனேன். ரேடியோ திருத்தும் பாஸ் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மோட்டருக்கு ஒண்ணுமில்லீங்க ஐயா. இந்த ஸ்பீட் திருகுற குமிழ் இருக்குல்ல, அதுக்குள்ளதான் அழுக்கு" என்றார். குமிழுக்குள் இருக்கும் கார்பன் தடத்தில் மருந்தடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டே இருந்தார். வற்றிப்போன கெப்பாசிட்டர்களையும் மாற்றினார். கூலி கேட்கத் தயங்கினார், நானாகக் கொடுத்தேன்.

தட்டின் விளிம்பில் புள்ளி வரிசைகள் உண்டு. நம் மின்சாரம் 50 சுழற்சி, ஆகவே பக்கத்திலிருக்கும் சிவப்பு நியோன் வினாடிக்கு 100 தடவை மின்னும். தட்டு சரியாக நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றினால் 180 புள்ளி உள்ள வரிசை நகராமல் நிற்கும். 60 சுழற்சிக்கு வேறு வரிசை, 216 புள்ளி. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்பதால் உள்ளூரில் விற்கவே அவர்களுக்கு இரண்டும் வேண்டியிருந்தது. பாஸ் கடையில் அந்த 180 புள்ளியும் ஆணியடித்ததுபோல் நின்றன. நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிய மோட்டர்!

ஜூலை 19, சனி

மகன் ஊசி செருகும் காட்ரிஜ் வாங்கி அனுப்பிவிட்டான். எதை வாங்குவதென்று கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். ஆடியோ டெக்னிக்கா வி.எம். 95 வரிசையில் உடம்பு ஒன்று, ஊசிதான் பல. பச்சை ஊசி எலிப்டிக்கல். கம்பெனி சொல்லும் ஆயுள் 300 மணி. சிவப்பு ஊசி மைக்ரோலீனியர்; 1,000 மணி. விலை மூன்று மடங்குக்குள், ஆயுள் மூன்று மடங்குக்கு மேல். அப்படியானால் விலை கூடினதுதான் மலிவு. சிவப்பு.

'ச' சீறுவதற்கும் மருந்து அதுதான். எல்.பி.யின் வெளி விளிம்பில் தடம் ஊசிக்கடியில் வினாடிக்கு 50 சென்டிமீட்டர் அளவில் ஓடுகிறது. உள்ளே கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 21 அளவுக்கு விழுந்துவிடும். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். மொட்டை ஊசிக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. எந்தப் புது மோட்டரும் இதைத் திருத்தாது.

ஊசி அழுத்தம் 2 கிராம் வைக்கவேண்டும். பழைய மெஷினின் அளவுக் கோட்டை நம்பாமல் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்தேன். முதலில் 'அன்னக்கிளி'. 1976ஆம் ஆண்டுத் தட்டு. மனைவி அடுப்படியிலிருந்து, "என்னாங்க, புது ரெக்கார்டா?" என்று கேட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

தட்டு கழுவும் வேலை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஜூலையில் சுவரே வியர்க்கும். ஃபெக்டரியில் ரோலிங் ரூமில் வைத்திருப்போமே, ஈரக் குமிழும் உலர் குமிழும் உள்ள ஹைக்ரோமீட்டர், அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. தட்டு அலுமாரிக்குள் வைத்துப் பார்த்தேன். இரண்டு குமிழுக்கும் வித்தியாசமே இல்லை. தேயிலை புளிக்க நல்ல அறை! கடதாசி உறைகளை எல்லாம் வீசிவிட்டு, அலுமாரியை வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றினேன்.

பூஞ்சணத்துக்குப் பெற்றரிக் கடையில் விற்கும் வடித்த தண்ணீர், ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப், கொஞ்சம் ஐசோபுரோப்பைல் அல்கஹோல். இது வினைலுக்கு மட்டும். 78 சுற்றுத் தட்டுகள் அரக்கில் செய்தவை. அல்கஹோல் பட்டால் கரைந்துவிடும்.

ஜூலை 27, ஞாயிறு

அந்த 78தான் மிச்சமிருக்கும் ஒரே சிக்கல். அப்பாவின் தகரப் பெட்டியில் பாகவதர் தட்டுகள் இருக்கின்றன. என் மெஷினில் 33, 45 மட்டும். எல்.பி. 120இல் 78 உண்டு, அகன்ற தடத்துக்கென்று தனி ஊசியும் கிடைக்கும். புதுசு வாங்க நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றே. ஆனால் அந்தத் தட்டுகளில் பாதி விரிசல். அவற்றுக்காக 111 நாள் கொழுந்தைக் கொடுக்க மனசு வரவில்லை.

மகனுக்கு முடிவைச் சொல்லிவிட்டேன். பாஸ் கூலி, ஊசி, தராசு எல்லாம் சேர்த்து அவன் சொன்ன தொகையில் பாதி ஆகவில்லை. மிச்சத்தில் ஒரு போனோ ப்ரீ-ஆம்ப் வாங்கலாம். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், இப்போதைய ஆம்ப்கள் பலவற்றில் அதற்கு வாயில் இல்லை. பழைய டைரக்ட் டிரைவ் வைத்திருக்கிறவர்கள் ஆயிரம் டொலருக்குக் கீழே புது மோட்டர் தேடி அலையவேண்டாம். குமிழைத் துப்புரவாக்குங்கள், ஊசியை மாற்றுங்கள், தட்டைக் கழுவுங்கள். அதற்குப் பிறகும் சுருதி ஆடினால் மட்டும் கடைக்குப் போங்கள்.