உப்புக்காற்றும் நெகிழியுறையும்
விழிஞ்ஞத்தின் உப்புக்காற்றில் தோலுறை ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். உள்ளிருக்கும் எஃகும் துருவேறும். ஆகவே அக்கரையில் உரிமத்துடன் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் மலிவான நெகிழியுறையை நாடினால் அதைக் கஞ்சத்தனம் என்று தள்ள இயலாது. பொதுவிடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ அதையொத்த பையிலோதான் கொண்டுசெல்ல வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்.

ஆனால் எந்த உறை? வாளுக்கும் தலையணைக்கும் கடிதத்துக்கும் தமிழில் 'உறை' ஒன்றே. மூடினால் போதும் என்று அச்சொல் மயக்குகிறது. தைத்த நைலான் உறையின் வாய் குழைந்து மடியும். துப்பாக்கியைத் திரும்பச் செருகுகையில் அம்மடிப்பே விசையை அழுத்திவிடக்கூடும். குண்டு தொடையில் பாயும். சூடாக்கி வடித்த கைடெக்ஸ் உறையோ விறைப்பாக நின்று விசையை முழுதும் மூடுகிறது. 'எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்' என்று விற்கப்படுவதை வாங்காதிருத்தல் நன்று. குண்டகற்றிய துப்பாக்கியைச் செருகித் தலைகீழாகப் பிடித்தால் அது நழுவக்கூடாது. நிறத்திலும் மெருகிலும் வேண்டுமானால் பணத்தை மிச்சப்படுத்தலாம்.