படுக்கையோரத்து பிளக் பாயிண்ட்

ஃபேஸ்புக் பிறந்தது ஒரு மாணவர் விடுதி அறையில். 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழக விடுதியில் இருந்தபடி மார்க் ஸக்கர்பெர்க்கும் அவருடைய தோழர்களும் அதைத் தொடங்கினார்கள். முதலில் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும். பிறகு கொலம்பியா, ஸ்டான்ஃபோர்டு, யேல் என்று ஒவ்வொரு கல்லூரியாகக் கதவைத் திறந்தார்கள். 2006 செப்டம்பரில்தான் 13 வயது நிறைந்த எவரும் சேரலாம் என்றானது.

ஒரு கல்லூரிக்கு முந்தியும் இன்னொரு கல்லூரிக்குப் பிந்தியும் அது போய்ச் சேர்ந்தது பின்னாளில் ஆராய்ச்சிக்கு உதவியது. பிராகியேரி, லெவி, மகாரின் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள், 775 கல்லூரிகளில் ஃபேஸ்புக் எப்போது நுழைந்தது என்ற விவரத்தையும் அதே காலத்தில் மாணவர்களிடம் எடுத்த உடல்நலக் கணக்கெடுப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. ஃபேஸ்புக் வந்த பிறகு மாணவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடியிருந்தன. மனம் சரியில்லாததால் படிப்பு கெட்டது என்று சொன்னவர்களும் கூடியிருந்தார்கள். அடுத்தவரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பதே முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கல்லூரி வளாகத்துக்கு வெளியே தங்கிப் படித்தவர்களிடம் பாதிப்பு அதிகம் தெரிந்ததாம்.

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த 2004, 2005இல் ஐபோன் கிடையாது. லைக் பொத்தான் கிடையாது. அது வந்தது 2009இல். இன்ஸ்டாகிராம் 2010இல்தான், ரீல்ஸ் அதற்கும் பத்து வருஷம் கழித்துத்தான். மேசைக் கணினி முன்னால் உட்கார்ந்து, அடுத்தவன் போட்ட நாலு படத்தைப் பார்த்ததற்கே இருபது வயதுப் பிள்ளைகளின் மனம் அவ்வளவு வாடியிருக்கிறது. இன்று அது சட்டைப் பையில் இருக்கிறது, தலையணைக்கு அடியில் இருக்கிறது.

கல்லூரியில் பாடம் நடத்தி, பல வருஷம் விடுதி வார்டனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒப்பிடுதல் நம் பிள்ளைகளை எப்படித் தின்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். கடைசி வருஷ மாணவன் ஒருவன், குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவன், ஒரு மாலை என்னிடம் வந்து, “எல்லாரும் எங்கேயோ போய்ட்டாங்க சார், நான் மட்டும் அப்படியே நிக்கிறேன்” என்றான். அரியர் இல்லாத பிள்ளை. “எல்லாரும்னா யார் யாருப்பா? சொல்லு” என்றேன். போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினான். ஒருவன் ஆஃபர் லெட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். ஒருத்தி பெங்களூரு அலுவலகத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய படம். ஒருவன் புது பைக்கில் மூணாறு போன வீடியோ. எண்ணிப் பார்த்தால் ஆறே பேர். அவன் வகுப்பில் ஐம்பதுக்கு மேல் இருந்தார்கள். மற்றவர்களும் அவனைப் போலவே வேலை கிடைக்காமல், அதைப் பற்றி ஒன்றும் போடாமல், அந்த ஆறு பேரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறைக்காரனிடம் போய் “உனக்கு ஏதாவது ஆச்சாடா?” என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

போனையே பார்த்துக்கொண்டிருப்பதால் வரும் கழுத்து வலி, கண் வறட்சி போன்றவற்றை டாக்டர்கள் நிறையச் சொல்லியாயிற்று. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைகிறது, அதனால்தான் எரிச்சல். அடிக்கடி தூரத்தில் பார்வையை ஓட்டினால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். என் கவலையெல்லாம் இரவைப் பற்றியது.

எங்கள் விடுதி மெஸ்ஸில் பொங்கலும் வடையும் போடும் நாளில் முன்பெல்லாம் ஏழரை மணிக்கே வரிசை நிற்கும். பிற்காலத்தில் அந்த நாளிலும் பாதி அண்டா பொங்கல் மீந்து நின்றது. மெஸ் மாஸ்டர் சமையலில் குறையோ என்று வருத்தப்பட்டார். அவர் கையில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் படுத்து, எட்டே முக்காலுக்கு எழுந்து, முகத்தைக் கழுவியும் கழுவாமலும் முதல் வகுப்புக்கு ஓடினார்கள். வெறும் வயிற்றோடு பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பாடம் எங்கே ஏறும்? எரிச்சல்தான் ஏறும்.

18 முதல் 25 வயதுக்காரருக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். இந்த வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே சற்றுத் தாமதமாக ஓடுகிறது. பெற்றோர் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டக் கூடாது. ஏற்கெனவே தாமதமாக வரும் தூக்கத்தைத் திரை வெளிச்சம் இன்னும் தள்ளிப்போடுகிறது. வெளிச்சத்தைவிடப் பெரிய தொந்தரவு, பார்க்கும் விஷயம். நண்பர்கள் தன்னை விட்டுவிட்டுப் போட்ட ஸ்டோரி, ப்ளூ டிக் விழுந்தும் வராத பதில், யாரோ யாரையோ கேவலமாகத் திட்டிய கமென்ட் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் மனம் அடங்குமா? பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்வுக்கு முந்தின இரவு தூங்காதவன் படித்ததிலேயே ஒரு பங்கை விட்டுவிட்டுப் போகிறான்.

இதில் பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. தூர்தர்ஷன் ஒரு காலத்தில் இரவு நிகழ்ச்சியை முடித்து விடைபெற்றுக்கொண்டது. திரையைத் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின். அதற்காகப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருந்தினார். பார்ப்பவன் எழுந்து போகாமல் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்று கட்டப்பட்ட ஒன்றின் முன்னால், நள்ளிரவில், களைத்துப்போன இருபது வயதுப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிட்டு, உனக்கு மனஉறுதி இல்லை என்று கடிந்துகொள்வது நியாயமில்லை.

போனையே பிடுங்கி வைக்கும் விடுதிகளையும் எனக்குப் பிடிக்காது. ஓட்டுப் போடும் வயது வந்தவர்கள் அவர்கள். சீனியர்களின் நோட்ஸ் டெலிகிராமில் வருகிறது, வேலைவாய்ப்புச் செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது, ஊரிலிருக்கும் அம்மாவின் முகம் அதில்தான் தெரிகிறது. ஆங்கிலம் பேசத் தயங்கும் கிராமத்துப் பெண் யூடியூப் பார்த்துப் பழகி நேர்முகத் தேர்வில் தலைநிமிர்ந்து பேசியதையும் பார்த்தவன் நான்.

2018இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெலிசா ஹன்ட் குழுவினர் செய்த சோதனை எனக்கு நம்பிக்கை தருகிறது. 143 மாணவர்கள். ஒரு பிரிவினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்கக் கூடாது; மற்றவர்கள் வழக்கம்போல் இருக்கலாம். மூன்று வாரத்தில் முதல் பிரிவினரிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. வழக்கம்போல் இருந்தவர்களுக்கும் பதற்றம் குறைந்தது. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்ததன் பலனாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஆகவே, தம்பி, எதையும் விட்டொழிக்கிறேன் என்று சபதம் எடுக்காதே. முதலில் உன் ஸ்கிரீன் டைமை எடுத்துப் பார். அதில் இரவு பத்தரைக்கு மேல் போனது எவ்வளவு என்று பார்.

பிறகு அந்த இரவை மட்டும் மீட்டுக்கொள். நம் விடுதி அறைகளில் பிளக் பாயிண்ட் பெரும்பாலும் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. சார்ஜ் ஏறும் போன் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தால் கை தானாகப் போகும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, அறையிலிருக்கும் எல்லாருடைய போனையும் கதவோரம் ஒரே இடத்தில் போடுங்கள். “அலாரம் அதுலதானே சார் இருக்கு?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். அறைக்கு ஒரு டைம்பீஸ் போதும். ஒருவனாகச் செய்தால் இரண்டு நாள் தாங்காது, அறையிலிருக்கும் மூன்று பேரும் பேசிவைத்துச் செய்தால் நிற்கும். விளக்கை அணைத்த பிறகு மூன்று பேரும் பேசத்தான் செய்வார்கள். பேசட்டும். பக்கத்துக் கட்டில்காரனுக்கும் வேலை கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

இதையெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், வாழ்வதே வெறுப்பாக இருந்தால் அது மனஉறுதி சம்பந்தப்பட்டதல்ல, வைத்தியம் பார்க்க வேண்டியது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இணையப் பழக்கத்தால் அவதிப்படுகிறவர்களுக்கென்றே 2014இலிருந்து தனிப் பிரிவு இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவதுபோல் போகலாம்.

என்னோடு வேலை பார்த்தவர்களிடமும் இப்போது பணியில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொன்றரைக்கு, “நாளை முதல் பீரியட் டெஸ்ட்” என்று போடுகிறோம். அசைன்மென்ட் கெடுவை நள்ளிரவு 11.59 என்று வைக்கிறோம். சுற்றறிக்கையும் ஹால் டிக்கெட் செய்தியும் அந்த நேரத்தில்தான் வருகின்றன. பிறகு எந்தத் தைரியத்தில் ஒரு மாணவன் போனைக் கதவோரம் வைத்துவிட்டுத் தூங்குவான்? இரவு எட்டு மணிக்கு மேல் குழுவில் எதையும் போடுவதில்லை என்று ஒவ்வொரு துறையும் முடிவு செய்யட்டும். கெடுவை மாலை ஐந்து மணிக்கு மாற்றலாம். பிள்ளைகளுக்குப் போனைத் தவிர வேறு போக்கிடம் கிடைக்க, விளையாட்டு மைதானத்தின் விளக்கை ஆறரை மணிக்கே அணைத்துப் பூட்டும் கல்லூரிகள் அதை ஒன்பது வரை எரியவிடலாம். வரும் செமஸ்டர் தொடங்கும்போதே இதைத் துறைக் கூட்டத்தில் வையுங்கள்.